பிளஸ் டூவோடு இயற்பியலை விட்டவர் குவாண்டம் ஆய்வு செய்யலாமா?

கேள்வி: சமூகவியலில் பி.எச்.டி. சேரப்போகிறேன். குவாண்டம் தொழில்நுட்பத்தால் நம் ஊர்ப்பக்கம் என்ன மாறும் என்று ஆராய ஆசை. பிளஸ் டூவோடு இயற்பியலை விட்டவள் நான், உனக்கெதுக்கு இது என்கிறார்கள். எங்கிருந்து தொடங்கட்டும்?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: தாராளமாக இறங்குங்கள். குவாண்டம் தொழில்நுட்பம் என்பது அணு, எலக்ட்ரான் போன்ற நுண்துகள்களின் விசித்திர நடத்தையைப் பயன்படுத்திக் கணினியும் உணர்கருவியும் செய்வது. 2023-ல் ஒன்றிய அரசு தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003 கோடி ரூபாய் ஒதுக்கியது, 2031 வரை நடக்கும் திட்டம். கருவி செய்ய ஆட்கள் தயாராகிறார்கள். அது வந்தால் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர் வேண்டும், அதுவும் நம்மூர் தெரிந்தவர்களாக.

ஓர் ஆஸ்பத்திரி ஃபைலை நினைத்துப் பாருங்கள். இன்று கம்ப்யூட்டர் வழியாகப் போகும் ரகசியங்களில் பெரும்பகுதி, பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரிப்பது போன்ற கடினமான கணக்குகளை நம்பித்தான் பூட்டப்படுகிறது. போதுமான திறனுள்ள குவாண்டம் கணினி இருந்தால் அந்த எண்ணைச் சீக்கிரமே பிரித்துப் பூட்டைத் திறந்துவிடலாம் என்று பீட்டர் ஷோர் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1994-லேயே காட்டிவிட்டார். அவ்வளவு பெரிய கணினி இன்னும் வரவில்லை, ஆனால் பூட்டியபடியே இன்றைக்கு நகலெடுத்து வைத்துக்கொண்டு பதினைந்து வருஷம் கழித்துத் திறக்க முடியும் என்றால், 25 வயதில் ஒரு பெண் ரகசியமாகப் பார்த்துக்கொண்ட வைத்தியம் அவள் 40 வயதில் வெளியே வரலாம் இல்லையா? குவாண்டம் கணினிக்கும் திறக்காதபடி வடிவமைத்த புதிய பூட்டுக்கான தரங்களை அமெரிக்காவின் தர நிறுவனம் 2024-ல் வெளியிட்டுவிட்டது. பெரிய வங்கி மாற்றிக்கொள்ளும். தாலுகா ஆஸ்பத்திரி எப்போது மாற்றும், யார் செலவில்? இதைக் கேட்கச் சமூகவியல் வேண்டும்.

இன்னொன்று, நம் மண்ணையே தொடும் விஷயம். இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார், புவியீர்ப்பில் வரும் நுண்ணிய மாற்றத்தை அளக்கும் குவாண்டம் ஈர்ப்பு உணர்கருவியால், தோண்டாமலே தரைக்கடியில் இருந்த சுரங்கவழியைக் கண்டுபிடித்து 2022-ல் ஆய்வு வெளியிட்டார்கள். சேலத்துச் சுண்ணாம்புக்கரட்டில் வெள்ளைக்கல்லும் (மேக்னசைட்) ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட்டும் வெட்டிய குழிகளைப் பார்த்தவர்கள் நாம். நிலத்துக்கடியில் என்ன இருக்கிறது என்று கம்பெனிக்கு முதலில் தெரிந்து, மேலே காப்பியும் மிளகும் வைத்திருக்கும் மலைவாசிக்குக் கடைசியில் தெரிந்தால் பேரம் எப்படி நடக்கும்? ஏற்காட்டில் நாலு ஊர் போய் உட்கார்ந்து பேசினாலே ஆய்வுக்கேள்வி கையில் கிடைத்துவிடும்.

சரி, இயற்பியல்? கொஞ்சம் கற்றே ஆகவேண்டும், இல்லாவிட்டால் விளம்பரத்தில் சொல்வதை அப்படியே நம்பிவிடுவீர்கள். எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் ஒருவரைப் பிடித்து மூன்று மாதம் வாரம் ஒருநாள் சொல்லித்தரச் சொல்லுங்கள், பதிலுக்கு நேர்காணல் எடுப்பதை நீங்கள் கற்றுக்கொடுங்கள். இயற்பியல் துறையிலிருந்து இணை வழிகாட்டி கிடைப்பாரா என்றும் கேளுங்கள். அவர்கள் கருத்தரங்கு வைத்தால் போய் உட்கார்ந்து, புரியாத சொல்லை எல்லாம் எழுதிக்கொண்டு, டீ இடைவேளையில் கூச்சப்படாமல் கேளுங்கள்.