கேப்பர் மலைக்குப் பேய் வேண்டாம்

அன்புள்ள ஐயா,

மகளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது, பிலடெல்பியாவில் அருங்காட்சியகமாகிவிட்ட ஒரு பழைய சிறைக்குக் கூட்டிப்போனார்கள். அக்டோபர் இரவுகளில் பேய் வேஷம் போட்டுப் பயமுறுத்துகிறார்கள். நிஜப் பேயைத் தேடிக் கருவிகளோடு வருகிறவர்களும் உண்டாம். பேரனுக்கு ஒரே குஷி. நம்ம கேப்பர் மலை ஜெயிலையும் இப்படி மாற்றினால் கடலூருக்கு நாலு பேர் வருவார்களே?

வாசகர், மஞ்சக்குப்பம்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பார்த்தது ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை. 1829-இல் திறந்து 1971-இல் மூடினார்கள். அப்புறம் மரம் முளைத்துப் பாழடைந்து கிடந்தது. 1991-இல் தொடங்கிய பேய் இரவுகளின் வருமானம் அதைப் பராமரிக்கப் பெரிதும் உதவியது. அதில் எனக்குக் குறையில்லை. கட்டடம் இடிந்து விழுவதைவிட, டிக்கெட் விற்றாவது நிற்கட்டும்.

ஆனால் அங்கே பயப்பட வேண்டிய விஷயம் வேறு. ஆரம்ப காலத்தில் ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கவே கூடாது. ஆளுக்கொரு தனியறை, கூரையில் வெளிச்சம் விழ ஒரு துவாரம், உலாவுவதற்கு மதில் சூழ்ந்த சின்ன முற்றம். அறையைவிட்டு வெளியே கூட்டிப்போனால் முகத்தை மூடிவிடுவார்கள். தனிமையில் மனம் திருந்தும் என்று நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். 1842-இல் நேரில் பார்த்த சார்லஸ் டிக்கன்ஸ், உடம்பை வதைப்பதைவிட இது கொடியது என்று எழுதினார். இவ்வளவும் நடந்த இடத்தில் பேய் எதற்கு? பேய்க்குப் பேரும் இல்லை, வழக்கும் இல்லை, பெண்டாட்டி பிள்ளையும் இல்லை. கைதிக்கு எல்லாம் இருந்தது.

சரி, நம் ஊருக்கு வருவோம். கேப்பர் மலையில் இருப்பது இன்றும் இயங்கும் மத்திய சிறை. மகனையோ கணவனையோ பார்க்க மனு போட்டுவிட்டு வாசலில் காத்திருப்பவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தை வேடிக்கைப் பொருளாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

கடலூருக்குச் சொல்ல வேறு கதைகள் உண்டு. பத்தாண்டுகள் புதுச்சேரியில் இருந்த பாரதி, 1918 நவம்பர் 20 அன்று வெளியே வந்ததும் கைதாகிக் கடலூர் சிறையில்தான் அடைக்கப்பட்டார். விடுதலை கேட்டு உள்ளிருந்தே கவர்னர் பென்ட்லண்டுக்கு மனு எழுதினார். டிசம்பர் 14-இல் நிபந்தனைகளோடு விட்டார்கள். அந்த மனுவைச் சொல்ல நம்மவர்களில் சிலர் கூச்சப்படுகிறார்கள். எதற்குக் கூச்சம்? களைத்துப்போன ஒரு பெரிய மனிதரை நமக்கு அருகில் கொண்டுவருவது அதுதான்.

விடுதலைப் போராட்டத்தில் இறங்கிய நம் முதுநகர் அஞ்சலை அம்மாள் கர்ப்பிணியாக வேலூர் சிறைக்குப் போனவர். பிரசவத்துக்கு வெளியே வந்து, கைக்குழந்தையோடு திரும்பவும் உள்ளே போனார். பிள்ளைக்கு ஜெயில்வீரன் என்றே பெயர். கடலூரில் சிறை அருங்காட்சியகம் என்று ஒன்று வந்தால் இந்த இருவரிடமிருந்து தொடங்கட்டும்.

பிலடெல்பியாவுக்கு மறுபடி போனால் பகலில் போங்கள். முற்றத்தில் 16 அடி உயர இரும்பு வரைபடம் நிற்கிறது. அமெரிக்கச் சிறைகளில் கைதிகள் எப்படிப் பெருகினார்கள் என்று காட்டுவது அது. பேரனை அதன் எதிரில் நிறுத்தி, அவன் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லுங்கள்.