நைக்கா, நைக்கியா? நிறுவனப் பெயர்கள் பற்றிய கேள்வி பதில்

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். பிறமொழிப் பெயர்களைத் தமிழில் எழுதுவதும் உச்சரிப்பதும் குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: 'நைக்' என்றால் நண்பர்கள் திருத்துகிறார்கள். 'நைக்கி' என்பதுதான் சரியா?

நைக்கிதான். கிரேக்கர்களின் வெற்றித் தேவதையின் பெயர் அது. புளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸ் என்று இருந்த நிறுவனம் 1971இல் இந்தப் பெயரைத் தன் காலணிகளுக்குச் சூட்டியது. 'பைக்', 'லைக்' என்று படித்துப் பழகிய கண், கடைசியில் வரும் ஆங்கில 'ஈ' (e) எழுத்து ஒலிக்காது என்று முடிவு கட்டிவிடுகிறது. 'அடோப்', 'போர்ஷ்' என்பவையும் இதே பிழைதான். அடோபி என்ற மென்பொருள் நிறுவனத்தின் பெயர், கலிஃபோர்னியாவில் அதன் நிறுவனர் ஒருவரின் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையின் பெயர். கார் நிறுவனமான போர்ஷ ஒரு ஜெர்மன் குடும்பப் பெயர். ஜெர்மனில் கடைசி 'ஈ' ஒலிக்கும். பெயர் எந்த மொழியிலிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

கேள்வி: பிரெஞ்சுப் பெயர் என்றால் கடைசி எழுத்தை விழுங்கிவிடலாமா?

கார் நிறுவனங்களான ரெனோ (Renault), பெஜோ (Peugeot) இரண்டிலும் விழுங்கலாம். ஆனால் அதையே சட்டமாக வைத்துக்கொண்டு, ஆடம்பரப் பொருள் நிறுவனமான Hermès-ஐ 'எர்மே' என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். அந்தப் பெயரில் ஒலிக்காமல் போவது முதலில் உள்ள 'ஹெச்'. கடைசி 'எஸ்' நன்றாகவே ஒலிக்கும். எர்மெஸ் என்பதுதான் சரி. ஹாகன்-டாஸ் ஐஸ்கிரீமுக்கு டேனிஷ் உச்சரிப்பு என்ன என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படி ஒன்று இல்லை. டேனிஷ் சாயல் வரட்டும் என்று நியூயார்க்கில் உருவாக்கிய பெயர் அது. தலையில் இரண்டு புள்ளி வைத்த அந்த 'ஏ' (ä) எழுத்து டேனிஷ் நெடுங்கணக்கிலேயே கிடையாது.

கேள்வி: கைபேசி நிறுவனமான ஷாவ்மியை (Xiaomi) 'எக்ஸியோமி' என்கிறார்கள். அவ்வளவு பெரிய தவறா?

எழுத்துக் கூட்டிப் படித்தால் அப்படித்தான் வரும், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சீன மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் முறையில் 'எக்ஸ்' நம் 'ஷ'வுக்கு நெருங்கிய ஒலி. அந்தச் சொல்லுக்குச் சீனத்தில் பொருள் என்ன தெரியுமா? தினை! இதைக் கேட்டவர்கள் அந்தப் பெயரை மறப்பதில்லை.

கேள்வி: தமிழில் எழுதும்போது 'டொயோடா'வா, 'டொயோட்டா'வா? ஒரு 'ட்'டில் என்ன வந்துவிடப் போகிறது?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. நிறுவனத்தைத் தொடங்கிய ஜப்பானியக் குடும்பத்தின் பெயர் டொயோடா. கார் நிறுவனம் 1937இல் தனியாக அமைந்தபோது ஏற்ற பெயர் டொயோட்டா. ஜப்பானிய எழுத்தில் இரண்டு சிறு கோடுகளை எடுத்துவிட்டதால் வந்த மாற்றம். தமிழிலோ ஒற்றை 'ட' இரண்டு உயிருக்கு நடுவே மெலிந்து ஒலிக்கும், இரட்டித்தால் வலிக்கும். ஆக நம் எழுத்தில் ஒரு 'ட்' சேர்த்தால் நிறுவனம், விட்டால் குடும்பம். வலித்த ஒலிக்கும் மெலிந்த ஒலிக்கும் தனித்தனி எழுத்து (வர்க்க எழுத்து) இல்லாத தமிழில் வேற்றுமொழிப் பெயர் எழுத முடியாது என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். 'நைகி' என்று எழுதாமல் 'நைக்கி' என்று எழுதுவதற்கும் இதுவே காரணம்.

கேள்வி: ஆங்கிலத்தில் எழுதும்போது இணைப்புக்கோடு (-), அபாஸ்ட்ரஃபி (') எல்லாம் அவசியமா?

அவசியம். பேச்சில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், கேட்பவருக்குப் புரிந்தால் போதும். எழுத்தில் அந்தச் சலுகை இல்லை. லாய்ட்ஸ் வங்கிக்கு அபாஸ்ட்ரஃபி கிடையாது. லாய்ட்ஸ் ஆஃப் லண்டன் என்ற காப்பீட்டுச் சந்தைக்கு உண்டு. இரண்டும் வேறு வேறு அமைப்புகள். கோகோ-கோலாவுக்கும் ரோல்ஸ்-ராய்ஸுக்கும் நடுவில் கோடு உண்டு. கேமரா நிறுவனமான கேனனில் (Canon) நடு 'என்' ஒன்றுதான், இரண்டு போட்டால் பீரங்கி ஆகிவிடும். நான் திருத்திய ஒரு விலைப்பட்டியலில் பக்கத்துக்குப் பக்கம் பீரங்கி விற்பனைக்கு இருந்தது. அச்சுக்குப் போகுமுன் கண்ணில் பட்டதில் எனக்குப் பெரிய நிம்மதி. ஒப்பந்தம், காசோலை, மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றில் நினைவை நம்பாதீர்கள். அந்த நிறுவனமே தன் பெயரை எப்படி எழுதுகிறது என்று பார்த்து, அப்படியே எடுத்து எழுதுங்கள்.

கேள்வி: என் மேலாளர் வாடிக்கையாளர் நிறுவனத்தின் பெயரை, அவர்கள் எதிரிலேயே தவறாகச் சொல்கிறார். எப்படித் திருத்துவது?

கூட்டத்தில் வேண்டாம். உங்கள் முறை வரும்போது அந்தப் பெயரை நிதானமாக, சரியாக ஒருமுறை சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் அதைக் கேட்டுத் தாங்களே மாற்றிக்கொள்வார்கள். மாறவில்லை என்றால் அடுத்த சந்திப்புக்கு முன் தனியாகச் சொல்லிவிடுங்கள். அந்த நிறுவனத்தின் தொலைபேசி வரவேற்பில் தங்கள் பெயரை எப்படிச் சொல்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால், உங்களுக்கும் தயக்கம் இருக்காது.