ஓகரை பேசி அனுப்பினாலும் எக்ஸ்பி குடுங்க
ப்ரோ, நீங்க நடத்துற டி அண்ட் டி கேம்ல (டைஸ் உருட்டி ஆடுற கதை விளையாட்டு) சண்டை போடுற ரெண்டு பேரு லெவல் ஏறிட்டே போறாங்க, பேசி சமாளிக்கிற பார்ட் (பாடகன் கேரக்டர்) மட்டும் லெவல் ஒண்ணுலயே நிக்கிறான்னு எழுதியிருந்தீங்க, முதல்ல, எதிரியைக் கொன்னவனுக்கு மட்டும் எக்ஸ்பி (லெவல் ஏத்துற அனுபவப் புள்ளி) குடுக்குறதை நிறுத்துங்க. டி அண்ட் டி ஐந்தாம் பதிப்புல மொத்தத்தையும் பார்ட்டிக்கு, அதாவது சேர்ந்து ஆடுற குழுவுக்கு, சமமா பிரிக்கணும், ஓகருக்கு (ராட்சசன் மாதிரி எதிரி) 450, நாலு பேருன்னா தலைக்கு 112. அதே ஓகரை பார்ட் பொய் சொல்லி குகையை விட்டு கிளப்பிட்டா? நான் அதே 450 தான் குடுப்பேன், ஆனா சொதப்பினா அடி விழும்ங்கிற ரிஸ்க் நிஜமா இருந்திருக்கணும், சும்மா சந்தைக் கடைக்காரன்கிட்ட அரை மணி நேரம் குரலை மாத்தி பேசினதுக்கெல்லாம் வேணாம். நல்லா நடிச்சா இன்ஸ்பிரேஷன் குடுங்க, 2014 ரூல்படி ஒரு ரோலுக்கு ரெண்டு டைஸ் உருட்டி பெரிசை எடுத்துக்கட்டும். நடிப்புக்கு எக்ஸ்பி குடுத்தா கூச்சப்படுற ஆளுதான் மாட்டுவான் (எங்க டேபிள்ல அது நான்தான்). இப்ப இருக்கிற கேப்புக்கு, பார்டை மத்தவங்க லெவலுக்கே தூக்கிடுங்க.