பாய்மரக் காலக் கடற்போர் நாவல்களில் சிறிய கப்பல் பெரிய கப்பலைப் பிடிப்பது நம்பத்தக்கதா?

நம்பத்தக்கதுதான், 1801 மே 6 அன்று பார்சிலோனாவுக்கு அருகே அப்படியே நடந்திருக்கிறது. பேட்ரிக் ஓ'பிரையன் 1969இல் வெளியிட்ட 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்' நாவலில் வரும் முக்கியச் சண்டைக்கு அச்சம்பவமே மூலம். தாமஸ் காக்ரேனின் 'ஸ்பீடி' என்ற பிரிட்டிஷ் கப்பலில் 14 சிறு பீரங்கிகளும் 54 பேருமே இருந்தனர். எதிர்ப்பட்ட ஸ்பானிய 'எல் காமோ'வில் 32 பீரங்கிகளும் 319 பேரும் இருந்தனர்.

காக்ரேன் முதலில் அமெரிக்கக் கொடியை ஏற்றி எதிரியைக் குழப்பினார் (சுடுவதற்கு முன் சொந்தக் கொடியை ஏற்றிவிட்டால், அன்றைய வழக்கப்படி இது குற்றமன்று). பின்னர் எதிரிக் கப்பலை உரசும் அளவுக்கு நெருங்கினார். உயரத்தில் இருந்த ஸ்பானியப் பீரங்கிகளைப் போதிய அளவு தாழ்த்த முடியாததால், அவற்றின் குண்டுகள் 'ஸ்பீடி'யின் பாய்களையும் கயிறுகளையுமே கிழித்தன. 'ஸ்பீடி'யோ மேல்நோக்கிச் சுட்டு எதிரியின் தளத்தைக் கீழிருந்தே துளைத்தது. இறுதியில் கப்பலின் மருத்துவரைச் சுக்கானில் நிறுத்திவிட்டு மற்றவர்கள் எதிரிக் கப்பலில் தாவி ஏறினர். கைகலப்புக்கு நடுவே ஸ்பானியக் கொடியை இறக்குமாறு காக்ரேன் தம் ஆள் ஒருவரை ஏவ, தங்கள் அதிகாரிகளே சரணடைந்துவிட்டதாக ஸ்பானியர்கள் எண்ணிவிட்டனர். நாவலாசிரியர் இதைச் சொந்தமாகக் கற்பனை செய்திருந்தால் நாமே மிகை என்று ஒதுக்கியிருப்போம்.

எனினும் இந்த வெற்றி நெடுநாள் நீடிக்கவில்லை: அதே ஆண்டு ஜூலையில் 'ஸ்பீடி' பிரெஞ்சுப் போர்க்கப்பல்களிடம் சிக்கியது, நாவலும் அதை மறைக்கவில்லை.