டாக்டர் பதில்கள்: யோகா வகுப்பா, நிகோடின் சூயிங்கமா?

கேள்வி: ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் தொழிலாளர் நலப் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் ஆட்களில் பலர் பீடி பிடிக்கிறார்கள். பசை வாடை உள்ள கூடத்தில் தீக்குச்சி உரசக் கூடாது என்பதால் சிலர் புகையிலையை வாயில் அதக்கிக்கொண்டே வேலை செய்கிறார்கள். இவர்கள் பழக்கத்தை விட நிர்வாகம் உதவ முன்வந்திருக்கிறது. ஆனால் யோகா வகுப்பு, நிகோடின் சூயிங்கம் இரண்டில் ஒன்றுக்குத்தான் பணமாம். எதைக் கேட்கலாம்?

பதில்: பீடிக்காரர்களுக்குச் சூயிங்கம் கேளுங்கள். யோகாவோடு எனக்குப் பகை இல்லை, தினமும் செய்கிறவன்தான். ஆனால் ஷிஃப்ட் முடிந்ததும் பேரணாம்பட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரை எந்த ஆசிரியர் பாயில் உட்கார வைப்பார்? வகுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பாதி மனம் மாறியவர்கள்.

சான்றும் அந்தப் பக்கமே சாய்கிறது. புகையிலையில் உள்ள நிகோடினைப் புகையில்லாமல் அளவாகத் தரும் மாற்று மருந்துகளில் சூயிங்கமும் ஒன்று. இந்த மாற்று மருந்தைப் பயன்படுத்தும் புகைப்பவர்கள் பழக்கத்தை விட்டுவிடும் வாய்ப்பு சுமார் 50 முதல் 60 சதவீதம் கூடுகிறது. 2009-இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. யோகாவைப் பற்றிய ஆய்வுகள் சிறியவை. பயிற்சி நடக்கும்வரை தெரியும் பலன் மாதங்கள் போகப் போகத் தேய்ந்துவிடுகிறது.

சூயிங்கம் தோற்பது பெரும்பாலும் மெல்லும் விதத்தால். மிட்டாய் போல விடாமல் மென்று எச்சிலை விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மறுநாளே "ஒத்துக்கொள்ளவில்லை டாக்டர்" என்பார்கள். மெதுவாக மெல்ல வேண்டும். காரம் சுள்ளென்று ஏறியதும் நிறுத்திக் கன்னத்தில் ஒதுக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லலாம். இப்படி அரை மணி நேரம். புகையிலை அதக்கிய ஊருக்கு இந்தக் கலையை நான் சொல்லித் தர வேண்டியதில்லை! புளிப்பும் காபி, டீயும் வாயில் நிகோடின் ஏறவிடாது. பிரியாணிக்குத் தொட்டுக்கொண்ட கத்தரிக்காய்த் தொக்கின் புளி போகக் கால் மணி நேரமாவது விடுங்கள். எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2. அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

அதக்குபவர்களுக்குச் சூயிங்கத்தின் பலன் அவ்வளவு உறுதியாகவில்லை. அவர்களுக்குத் தொடர்ந்த ஆலோசனையே முக்கியம். புகையிலைப் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 இலவச எண்ணில் பேசச் சொல்லுங்கள், நிர்வாகத்துக்குச் செலவில்லை. தவிப்பு வந்தால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அந்த நேரத்தைக் கடத்த நிதானமாக மூச்சை இழுத்து விடுவது உதவும். அதற்குத் தனி வகுப்பு வேண்டாம், டீ இடைவேளை போதும்.

கேள்வி: சூயிங்கம் மெல்லும் என் கணவர் நேற்று ஒரு பீடி குடித்துவிட்டார். சூயிங்கத்தை நிறுத்திவிடலாமா? - வாசகி, குடியாத்தம்

பதில்: வேண்டாம் அம்மா. பீடியை நிறுத்தச் சொல்லுங்கள், சூயிங்கம் தொடரட்டும்.