சந்தேகம் வந்தால் ஜெபம் கேட்கப்படாதா?

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் போகிறோம். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்து வைக்கச் சொல்கிறார் டாக்டர். வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வரும் மூத்த சகோதரி ஒருவர், "பூரண சுகம் கேட்டு ஜெபித்துவிட்டு இப்போது பதியப் போனால் அது அவிசுவாசம்தானே? சந்தேகப்படுகிறவன் கர்த்தரிடத்தில் எதையும் பெறமாட்டான் என்று யாக்கோபு எழுதியிருக்கிறாரே" என்கிறார். எனக்கோ ஜெபிக்கும்போதே 'இது நடக்குமா' என்று உள்ளே ஓடுகிறது. என்னால்தான் அவருக்குச் சுகம் தடைபடுகிறதோ என்று ராத்திரி தூக்கம் இல்லை. பதியலாமா, கூடாதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

பதியுங்கள். அதை முடித்துவிட்டு வந்து மீதியை வாசித்தாலும் எனக்குச் சம்மதமே.

யாக்கோபு 1:6-ஐ எடுத்துக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஐந்தாம் வசனத்தைத் தாண்டிவிடுகிறார்கள். அங்கே பேச்சு ஞானத்தைப் பற்றியது. சோதனையில் மாட்டிக்கொண்டு, என்ன செய்வதென்று புரியாமல் நிற்கிறவன் கேட்க வேண்டியதை யாக்கோபு சொல்கிறார். கேட்கப்படுகிற தேவன் 'ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்' என்றும் சேர்த்தே சொல்கிறார். "பதியலாமா, கூடாதா" என்று நீங்கள் கேட்பதும் ஞானத்துக்கான கேள்விதான். இதற்குப் போய் உங்களைக் கடிந்துகொள்ள யாருக்கு என்ன உரிமை?

அடுத்து, மனசுக்குள் ஓடும் 'நடக்குமா'. இதற்கு எல்லாரும் மாற்கு 9-ல் 'என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று இயேசுவிடம் கதறிய தகப்பனைச் சொல்வார்கள். நான் ஆபிரகாமைச் சொல்கிறேன். ஆதியாகமம் 17-ல் தேவன் மகன் பிறப்பான் என்றதும் அவர் முகங்குப்புற விழுந்து நகைத்தார். நூறு வயதுக்காரனுக்குப் பிள்ளையா, தொண்ணூறு வயதில் சாராள் பெறுவாளா என்று இருதயத்துக்குள் கேட்டுக்கொண்டார். சாராள் சிரித்ததை வைத்து எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்போம், இவர் சிரித்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆனால் அதே அதிகாரத்தில், சிரித்த அன்றே, 99 வயதில், தேவன் சொன்னபடி தானும் விருத்தசேதனம் பண்ணிக்கொண்டு வீட்டு ஆண்கள் எல்லாருக்கும் செய்வித்தார். இந்த மனிதரைத்தான் பவுல் ரோமர் 4:20-ல் 'அவிசுவாசமாய்ச் சந்தேகப்படாமல்' இருந்தவர் என்கிறார். மனசுக்குள் ஓடிய கேள்வியைப் பவுல் கணக்கில் எடுக்கவே இல்லை.

உண்மையான அவிசுவாசத்தைப் பார்க்க வேண்டுமானால் ஏசாயா 7-க்குப் போங்கள். கி.மு. 735 வாக்கில் சீரியாவின் ரேத்சீனும் இஸ்ரவேலின் பெக்காவும் சேர்ந்து எருசலேமைப் பிடிக்க வருகிறார்கள். அங்கே யூதாவை ஆண்ட ஆகாஸ் ராஜாவின் மனசு காற்றில் ஆடுகிற காட்டு மரங்களைப்போல் அசைந்ததாம். அந்த நடுக்கத்துக்காகக் கர்த்தர் அவனைத் திட்டவில்லை. பயப்படாதே, இவர்கள் இரண்டு புகைகிற கொள்ளிக்கட்டைகள்தான் என்று ஏசாயா தீர்க்கதரிசியை அனுப்பித் தேற்றுகிறார். அதோடு விடாமல், நம்புவதற்கு ஓர் அடையாளம் கேள், பாதாளத்திலிருந்தானாலும் சரி, உன்னதத்திலிருந்தானாலும் சரி என்கிறார். ஆகாஸ் சொன்ன பதில்: "நான் கேட்கமாட்டேன், நான் கர்த்தரைப் பரீட்சைசெய்யமாட்டேன்."

எவ்வளவு பக்தியான பேச்சு! நம் சாட்சிக் கூட்டத்தில் சொன்னால் அல்லேலூயா கிடைக்கும். ஆனால் 2 இராஜாக்கள் 16-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதே ஆகாஸ், தேவாலயத்தில் இருந்த வெள்ளியையும் பொன்னையும் எடுத்து, "நான் உம்முடைய அடியானும் உம்முடைய குமாரனுமாயிருக்கிறேன்" என்று சொல்லி அசீரிய ராஜா திகிலாத்பிலேசருக்கு அனுப்பினான். கேட்டது கிடைக்கவும் செய்தது, கி.மு. 732-ல் சீரியாவின் தலைநகர் தமஸ்கு விழுந்தது, ரேத்சீன் செத்தான். ஆனால் யூதா அசீரியாவுக்குக் கப்பம் கட்டும் தேசமாயிற்று. திகிலாத்பிலேசரின் கல்வெட்டில் கப்பம் கட்டியவர்கள் வரிசையில் யூதாவின் ராஜா பெயரும் இருக்கிறது. நாவில் சந்தேகத்தின் சுவடே இல்லாமல் பேசிக்கொண்டு, கர்த்தரிடம் கேட்கவே மறுத்தவன் அவன். நீங்கள் தூக்கமில்லாமல் அவரிடமே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றா?

"ஆகாஸ் அசீரியாவிடம் போனதுபோலத்தானே நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதும்" என்று அந்தச் சகோதரி மடக்கலாம். அதற்கும் பதில் அவன் வீட்டிலேயே இருக்கிறது. அவன் மகன் எசேக்கியா சாகக் கிடந்தபோது, குணமாக்குவேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகுதான் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவைமேல் பற்றுப்போட வைத்தார் (2 இராஜாக்கள் 20). அப்பனை அசீரியாவுக்கு அடிமையாகாதபடி தேற்ற வந்த அதே தீர்க்கதரிசி, மகனுக்கு மருந்து போட வைக்கிறார். பற்றுப்போட்டதால் வாக்குத்தத்தம் கெட்டுப்போகவில்லை. 15 வருஷம் கூடக் கிடைத்தது.

உங்கள் கணவர் சுகமாவார் என்று என்னால் எழுதித் தர முடியாது. பவுல் மூன்று தரம் வேண்டியும் அவர் 'மாம்சத்தில் முள்' என்று சொன்ன உபாதை நீங்கவில்லை; உனக்கு விசுவாசம் போதவில்லை என்று கர்த்தர் அவரிடம் சொல்லவும் இல்லை, என் கிருபை உனக்குப் போதும் என்றார். ஆகவே சுகம் தாமதமானால் அந்தப் பழியை எடுத்து உங்கள் தலையில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வெள்ளிக்கிழமை ஜெபத்தை நிறுத்த வேண்டாம். பதிந்துவிட்டோம் என்று அங்கேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள், அந்தச் சகோதரியையே அதற்காக ஜெபிக்கச் சொல்லுங்கள். அப்புறம் டயாலிசிஸ் நாட்களில் அவருக்குத் துணையாகப் போக சபையில் யாராவது வருவார்களா என்றும் கேளுங்கள். இத்தனை நாளும் நீங்கள் ஒருத்தியாகவே அலைகிறீர்கள் என்று நினைக்கிறேன்.