ரிப்பேருக்கு வரும் வெளிநாட்டு எலக்ட்ரானிக்ஸ் சரக்கு ஏன் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் மாட்டிக்கொள்கிறது?

பழுதான லேப்டாப்பையும் ரவுட்டரையும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துச் சரிசெய்து அனுப்பும் தொழில் இங்கே ஏன் பெரிதாக வளரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பெங்களூரில் சுங்கக் காகித வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஆள் பற்றாக்குறை காரணமில்லை. எங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் 'சிப் லெவல் சர்வீஸ்' போர்டு மாட்டிய கடைகளுக்குப் பஞ்சமா?

புதுச் சரக்கு என்றால் விலை, எண்ணிக்கை, எச்எஸ் குறியீடு (பொருள் எந்த வகை என்று சுங்கத்துக்குச் சொல்லும் எண்) எல்லாம் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடும். செத்த மதர்போர்டுக்கு என்ன விலை? எங்கள் ஓசூர் பையன் அடிக்கடி வந்து நிற்பான்: "அண்ணா, இன்வாய்ஸ்ல விலையே போடல, என்ன காட்டுறது?" இலவசமாக வந்தாலும் சுங்கத்துக்கு ஒரு மதிப்பு காட்டியாக வேண்டும். அப்புறம் சீரியல் எண். அந்தப் பக்கம் ரிட்டர்ன் வாங்குகிறவர்கள் கைக்குக் கிடைத்ததைப் பெட்டியில் போட்டு ஒட்டிவிடுவார்கள். பேக்கிங் லிஸ்டில் இல்லாத ஒரு போர்டு உள்ளே கிடந்தால் மொத்தப் பெட்டியும் நிற்கும்.

இதைவிடப் பெரிய தலைவலி, சோதித்துப் பார்க்கும்வரை அது ரிப்பேராகுமா குப்பையா என்று யாருக்கும் தெரியாது. குப்பை என்றால், கழிவை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச பாசல் ஒப்பந்தம் குறுக்கே வரும். 1.1.2025 முதல் அபாயமில்லாத மின்னணுக் கழிவுக்கும் பெறும் நாட்டின் முன்சம்மதம் வேண்டும். இந்த விதியை நான் குறை சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் ஊர்க் குப்பையெல்லாம் நம் தலையில்தான் விழும்.

2023 மே 31-இல் மத்திய அரசு பெங்களூரில் ஐந்து நிறுவனங்களை வைத்து இந்த ரிப்பேர் தொழிலுக்காக 3 மாதச் சோதனை ஓட்டம் ஒன்றைத் தொடங்கியது. இறக்குமதியான சரக்கின் எடையில் 5% வரை, ரிப்பேராகாவிட்டால் இங்கேயே மறுசுழற்சி செய்யலாம் என்றார்கள். சரிசெய்த பொருளை, வந்த நாட்டுக்கே அனுப்பாமல் மூன்றாவது நாட்டுக்கு அனுப்பவும் அனுமதித்தார்கள். இந்த இரண்டாவது சலுகைதான் உண்மையில் பெரிது. துபாயிலிருந்து வந்த லேப்டாப்புக்குப் பதிலாக அங்குள்ள வாடிக்கையாளருக்கு எப்போதோ வேறொன்று கொடுத்திருப்பார்கள். சரிசெய்த லேப்டாப் தேவைப்படுவது சிங்கப்பூரில். அதைத் துபாய்க்கே திருப்பி அனுப்பினால் விமானச் சரக்குச் செலவு மட்டும்தான் மிச்சம்.

அதே அரசு 2025 பட்ஜெட்டில் லித்தியம் அயன் பேட்டரி ஸ்கிராப்புக்கு சுங்க வரியை முழுதாக நீக்கியது. கோபால்ட்டும் லித்தியமும் வேண்டுமென்றால் குப்பையும் சரக்காகிவிடுகிறது!

என்னைக் கேட்டால், வரியைவிட முதலில் மாற வேண்டியது கணக்கு காட்டும் நேரம். வந்ததும் தோராயமாக அறிவித்துவிட்டு, பிரித்துச் சோதித்தபின் சீரியல் எண்ணையும் நிலையையும் திருத்திக்கொடுக்க ஒரு மாதம் விட்டால் போதும், பாதி பெட்டிகள் நிற்காது.